வெங்கடேஸ்வரனின் ரத்தம் யாருடையது?

"வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க வீட்டுக்காரருக்குப் புத்தி வரணுங்க. எத்தனை நாள்ல முடிச்சுக் குடுப்பீங்க?" என்று கேட்டாள் பூங்கோதை.

டைப்ரைட்டரில் ரிப்பன் மாட்டிக்கொண்டிருந்த வைத்தி தலையைத் தூக்கினார். "புத்தியா? எனக்கு ஐம்பத்திரண்டு வயசு முடிஞ்சுடுத்து. இன்னும் வந்து சேரலே. வந்தா உங்காத்துக்கும் ஒரு நடை போயிட்டு வரச் சொல்றேன்."

லீலாவதி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வைத்தி மறுபடி ரிப்பனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அது 1983 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தலைநகரின் கரோல் பாகில் ஒரு கம்பளிக் கடையின் மாடியில், 'லீலாவதி, ரகசிய விசாரணை' என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகைக்குப் பின்னால் இருந்தது அந்த அலுவலகம். லீலாவதிக்கு முப்பத்தெட்டு வயது. மதுரைக்காரி. எட்டு வருஷம் ஆயுள் இன்ஷூரன்ஸ் விசாரணையில் இருந்தவள். செத்துப்போனதாகக் காகிதத்தில் இருந்த பதினான்கு பேரை காஜியாபாத், மீரட் பக்கங்களில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பிடித்தவள். வைத்தி சர்க்கார் ஸ்டெனோ வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு அவளிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவர். சுருக்கெழுத்து தெரியும், ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், வாயை மூடத் தெரியாது.

"உட்காருங்கம்மா. முதல்லருந்து சொல்லுங்க" என்றாள் லீலாவதி.

பூங்கோதை சொன்னாள். கணவர் ஜோதிலிங்கம் ஒரு மந்திரி அலுவலகத்தில் அசிஸ்டென்ட். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். இரண்டு மாதமாகப் பசியில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. ரத்தத்தில் ஏதோ ஒரு புரோட்டீன் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கல்லீரலின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புற்றுக் கட்டி. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டோம், வெட்டி எடுத்துவிடலாம் என்று டாக்டர் நம்பிக்கையோடு சொல்லியிருக்கிறார். வியாழன் சேர வேண்டும், வெள்ளி ஆபரேஷன்.

"இவரு வர மாட்டேங்கிறாருங்க. அதே டிபார்ட்மென்ட்ல வெங்கடேஸ்வரன்னு ஒரு செக்ஷன் ஆபீசர். அவருக்கும் இதே புரோட்டீன் ஏறி இருந்ததாம். பச்சிலைச் சாறு குடிச்சே இறங்கிப்போச்சாம். கத்தி வேண்டாம், சாறு போதும்னு சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டாரு. டாக்டர் சொல்றாரு, மூணு மாசம் தள்ளிப் போட்டா அப்புறம் வெட்டறதுக்கே வழியிருக்காதுன்னு."

கைப்பையிலிருந்து நான்கு ஜெராக்ஸ் தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினாள். வெங்கடேஸ்வரன், ஆண், வயது 54. அக்டோபரில் நூற்றுப்பத்து. நவம்பரில் நூற்றுத்தொண்ணூறு. டிசம்பரில் இருநூற்று எழுபது. பிப்ரவரிக் கடைசியில் ஏழு. பத்துக்குக் கீழே இருந்தால் சகஜம் என்று ஓரத்தில் அச்சடித்திருந்தது.

வைத்தி எட்டிப் பார்த்தார். "அடேயப்பா. எங்க டிபார்ட்மென்ட்ல ஃபைல்கூட இவ்வளவு வேகமா இறங்கினதில்லே."

"இந்த ரிப்போர்ட் பொய்யின்னு நிரூபிச்சுக் குடுங்க" என்றாள் பூங்கோதை. "நிஜமா இருந்தா அதையும் சொல்லுங்க. நானே சாறு பிழிஞ்சு குடுக்கறேன். எனக்கு அவரு வேணும், அவ்வளவுதான்."

வைத்தி ரிப்பனை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

*

பச்சிலை வைத்தியர் ரத்தினவேலின் வீடு புசா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அவர் ராணுவத்தில் இருபது வருஷம் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் இருநூறு பேருக்குச் சமைக்கிற அண்டாவில்தான் சாறு காய்ச்சினார். ஒரு மோசடிக்காரனைப் பார்க்கப் போகிறோம் என்று தயாராக வந்திருந்த வைத்திக்கு ஏமாற்றமாகப் போயிற்று. மனிதர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் கேன்சருக்கு மருந்து குடுக்கிறேன்னு எங்கயும் சொல்லலீங்க. ஜீரணத்துக்குத்தான் குடுத்தேன். அந்த சார் பிப்ரவரியில போன் பண்ணி, இந்த ரிப்போர்ட்டையும் அனுப்பி வச்சாரு. எனக்கே ரெண்டு நாளு தூக்கம் வரலை. அதுக்கப்புறம் தினமும் நாப்பது பேரு வந்து நிக்கிறாங்க. போங்கன்னா போக மாட்டேங்கிறாங்க."

சுவரில் அந்த நான்கு ரிப்போர்ட்டுகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. பக்கத்தில் யாரோ பூ வேறு வைத்திருந்தார்கள்.

"ஒரு டம்ளர் குடுங்க" என்றாள் லீலாவதி. வந்த டம்ளரை அப்படியே வைத்தியிடம் நீட்டினாள். "சாப்பிடுங்க, வைத்தி சார்."

"எனக்கு ஜீரணம் நன்னாத்தானே இருக்கு, மேடம்?"

"கேஸ்."

வைத்தி கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வேப்பெண்ணெய், பாகற்காய், பழைய பேட்டரி மூன்றையும் சேர்த்து அரைத்தது போன்ற ஒரு கசப்பு நாக்கின் அடியிலிருந்து கிளம்பி காது வரைக்கும் போயிற்று. கண்ணில் நீர் கட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாக்கும் பல்லும் பச்சை புடிச்சுக்குமுங்க" என்றார் ரத்தினவேல் அனுதாபத்தோடு. "நிறுத்தினாலும் பத்து நாளைக்குப் போகாது."

"வெங்கடேஸ்வரன் சார் தினம் வந்து குடிப்பாரா?" என்று கேட்டாள் லீலாவதி.

"அவரை நான் பார்த்ததே இல்லீங்க. ஆபீஸ் பியூன், குழந்தைசாமின்னு ஒருத்தர், காலையில வந்து பாட்டிலை வாங்கிட்டுப் போவாரு. இன்னிக்குக் காலையிலகூட வந்தாரு."

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது வைத்தி நாக்கை வெளியே நீட்டிக் கண்ணாடியில் பார்த்தார். கிளிப்பச்சை. பக்கத்தில் நின்ற ரிக்‌ஷாக்காரர், "க்யா ஹுவா, பாபுஜி?" என்று கவலையோடு விசாரித்தார்.

*

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வெங்கடேஸ்வரன் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வாசலில் லீலாவதியைக் கண்டதும், தன் அனுபவத்தைக் கேட்க வந்த இன்னொரு நோயாளியின் சொந்தக்காரி என்று நினைத்து உற்சாகமாக உள்ளே கூப்பிட்டார். இப்படித் தினம் இரண்டு பேர் வருவதாகத் தெரிந்தது. மனைவி ராஜம் ஊருக்குப் போயிருந்தாள். கதையை அவர் முகவுரையிலிருந்தே ஆரம்பித்தார்.

போன வருஷம் அவருக்குக் கடுமையான மஞ்சள் காமாலை. கண்ணையும் சிறுநீரையும் பார்த்தே டாக்டர் சொல்லிவிட்டார். கல்லீரல் இப்படி அடிபட்டால் பின்னால் புற்று வந்தாலும் வரலாம், மாதாமாதம் ரத்தத்தில் இந்த ஒரு புரோட்டீனை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பார்த்தார்கள். ஏறியது. ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். அவர் சாறுக்குப் போனார். இறங்கியது.

"சாறு எப்படி சார் இருக்கும்? குடிக்கிற மாதிரி இருக்குமா?" என்று கேட்டாள் லீலாவதி.

"பிரமாதமா இருக்கும். லேசாத் தித்திப்பு. கரும்புச் சாறு மாதிரின்னு வெச்சுக்கோங்கோ."

வைத்தி வாயைத் திறந்து நாக்கை முழுதாக நீட்டினார்.

வெங்கடேஸ்வரன் அந்த நாக்கைப் பார்த்தார். லீலாவதி அவருடைய பல்லைப் பார்த்தாள். தூய வெள்ளைப் பற்கள்.

"நாலு மாசம் குடிச்சவர் பல்லு வெள்ளையா இருக்கு. ஒரு டம்ளர் குடிச்சவர் நாக்கு பச்சையா இருக்கு" என்றாள் லீலாவதி. "சாறை யார் சார் குடிச்சது?"

வெங்கடேஸ்வரன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"எனக்கு ஊசி ஆகாது. ராஜம் பட்டன் தைக்க உட்கார்ந்தாக்கூட பால்கனிக்குப் போயிடுவேன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ரத்தம் எடுக்கணும்னு சீட்டைக் கையிலே குடுத்ததும் ரெண்டு நாள் ஜுரமே வந்துடுத்து. அப்புறம் குழந்தைசாமியைக் கூப்பிட்டு, என் பேர்ல போய்க் குடுத்துட்டு வாப்பான்னேன். அவன் நல்ல திடகாத்திரமான ஆள். ரிப்போர்ட் நன்னாத்தான் வரும்னு நெனைச்சேன்."

"நூற்றுப்பத்து வந்தது."

"வந்தது. அப்போ கேன்சர் அவனுக்கு. எனக்கில்லே. அவன்கிட்டே எப்படிச் சொல்றது? டாக்டர்கிட்டேதான் எப்படிச் சொல்றது? சர்க்கார் மெடிக்கல் பேப்பர்லே ஆள் மாறாட்டம்னா வேலையே போயிடும். சாறு நல்லதுன்னு யாரோ சொன்னா. உனக்கு உடம்பு பலவீனமா இருக்குப்பான்னு சொல்லி, தினம் என் டேபிளுக்கு முன்னாலே நிறுத்தி வெச்சுக் குடிக்க வெச்சேன். அவன் குடிக்கறச்சே முகம் போற போக்கைப் பார்த்து நான் ராத்திரி சாப்பிட்டதில்லே. ஆனா ஒண்ணு மேடம். நான் சொன்னதிலே பேர்தான் பொய். மருந்து பலிச்சது பொய்யில்லே. அவன் பிழைச்சுட்டான்."

படியிறங்கும்போது வைத்தி மெதுவாகச் சொன்னார்: "மேடம், நாம வந்தது சாறு பொய்னு காட்ட. இப்போ என்னடான்னா, குடிச்சவன் ஒருத்தன், குணமானவனும் அவனேதான்னு ஆயிடுத்து. பூங்கோதை அம்மாகிட்டே போய் அம்மிக்கல்லைக் கழுவி வைங்கோன்னு சொல்லிடலாமா?"

லீலாவதியின் முகத்தில் வைத்தி இதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது. சாறு நிஜமாக இருந்தால் நல்லதுதானே என்று அவருக்குத் தோன்றியது. இல்லாமலிருந்தால், அதை நிஜமென்று ஜோதிலிங்கத்திடம் போய்ச் சொல்லப்போகிறவர்கள் தாங்கள்தான் என்பது கீழ்ப்படிக்கு வந்த பிறகே உறைத்தது. விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

*

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டாக்டர் வத்சலா நான்கு ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, நாலும் தன் கையெழுத்துதான் என்றார். டிஸ்பென்சரியில் எடுத்து அனுப்பிய ரத்தம்; பரிசோதனையில் பிசகில்லை. இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பியவை.

"இந்தப் புரோட்டீன் ரத்தத்துல எதுக்கு வருது, டாக்டர்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

"கல்லீரல் ரொம்பச் சின்னதா, உருவாகிற காலத்துல செய்யிற புரோட்டீன் இது. வளர வளர அந்த வேலையை மறந்துடும். பெரியவங்க ரத்தத்துல இது அனேகமா இருக்காது. கல்லீரல்ல புற்று உண்டானா, அந்த செல்லுங்க ஒழுங்கா வளராம, தன் வயசை மறந்து பழைய வேலையை மறுபடி ஆரம்பிச்சுடும். புரோட்டீன் ரத்தத்துல வந்து நிக்கும். அதனாலதான் இதை ஒரு அடையாளமா வெச்சுத் தேடறோம். ஆனா இதை மட்டும் நம்பி யாரையும் வெட்ட மாட்டோம். காமாலையிலகூடக் கொஞ்சம் ஏறும். அதுக்குத்தான் ஸ்கேனுக்கு வரச் சொன்னேன். அந்த ஆள் வரவே இல்லை."

இந்த இடத்தில் வைத்தி வாய் கொப்பளிக்க வாஷ்பேசினுக்குப் போனார். ஐந்தாவது தடவை. கசப்பு அசையவில்லை. திரும்பி வரும்போது லீலாவதி, "சீட்டுல ஆண்னு எழுதாம வெறும் பேரு மட்டும் இருந்திருந்தா, இந்த நாலு நம்பரையும் பார்த்து என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வத்சலா நம்பர்களை மறுபடி பார்த்தார். தேதிகளைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு கண்டிப்பான அம்மாள், தாளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டார் வைத்தி.

"வண்டியை எடுங்க. குழந்தைசாமி வீட்டுக்குப் போகணும்."

"என்னன்னு சொல்லப்படாதா?"

"நாக்கு சரியாகட்டும். சொல்றேன். ஜல்தி."

*

ஆர்.கே.புரத்துக்குப் பின்னால் தகரமும் தார்ப்பாயும் போட்ட குடிசைகள் வரிசையாக இருந்தன. கட்டட வேலைக்கு வந்த சேலம், தர்மபுரிக்காரர்களே பாதிப்பேர். குழந்தைசாமி ஆபீஸிலிருந்து வந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது, வாட்டசாட்டமான ஆள். இவர்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். பல், ஈறு, உதடு எல்லாம் புல்தரை போல இருந்தன. வைத்திக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

லீலாவதி விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிப்பு போயிற்று.

"எங்க சாருக்கு ஏதாச்சும் ஆயிடுமாங்க?"

"ஒண்ணும் ஆகாது. நீங்க உண்மையைச் சொன்னா போதும். டிஸ்பென்சரியில ரத்தம் குடுத்தது நீங்கதானா?"

"நான்தாங்க. சாமி சத்தியமா."

"எந்தக் கையில எடுத்தாங்க?"

"வலதுலீங்க." ஒரு கணம் யோசித்தான். "எடதுலயும் எடுத்தாங்க."

"நாலு தடவை குத்தினதுல, எந்த விரல்ல எடுத்தப்போ ரொம்ப வலிச்சது?"

"நடு வெரல்லங்க. உயிரே போயிருச்சு."

"இந்தப் பரிசோதனைக்கு விரல்ல எடுக்க மாட்டாங்க, குழந்தைசாமி" என்றாள் லீலாவதி. "குழாய் நிறைய வேணும். முழங்கை மடிப்புல எடுப்பாங்க."

குழந்தைசாமி சைக்கிள் மணியைத் துடைக்கத் தொடங்கினான். ஏற்கனவே பளபளவென்று இருந்த மணி அது.

குடிசைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எதுக்குங்க அவர்கிட்ட போயிக் கேக்கறீங்க? ஊசியக் கண்டதும் டிஸ்பென்சரித் தரையில தொபீர்னு விழுந்துட்டாரு. தண்ணி தெளிச்சு எழுப்பினதே நான்தான். நாலு தரமும் குத்தினது எனக்குங்க."

அவள் வெளியே வந்தாள். குழந்தைசாமியின் மனைவி பவுனு. இடுப்பில் இரண்டு மாதக் கைக்குழந்தை.

"நீங்க எதுக்கும்மா குடுத்தீங்க?"

"எனக்குத்தான் மாசா மாசம் அங்க பாக்கறாங்களே, மொதல்ல புள்ளத்தாச்சின்னு, அப்புறம் புள்ள பெத்தவன்னு. எனக்கு எடுக்கறப்ப, அண்ணே, இந்தக் குழாயிலயும் கொஞ்சம் புடிச்சுக் குடுங்க, எங்க சாருக்கு வேணும்னு கம்பவுண்டர்கிட்ட சொன்னேன். சீட்ட ஒட்டிக் குடுத்துட்டாரு. ரத்தம்னா எல்லாம் ரத்தம்தானேங்க?"

வைத்தி நின்ற இடத்திலேயே நின்றார். நாக்கின் கசப்புகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று மனசுக்குள் எண்ணினார். ஏறிக்கொண்டே போன எண். பிறகு சட்டென்று விழுந்த எண்.

"குழந்தை எப்போம்மா பிறந்தது?" என்று கேட்டார்.

"பொங்கலுக்கு மறுநாளுங்க."

"உருவாகிற கல்லீரல் செய்யிற புரோட்டீன்" என்றாள் லீலாவதி அவரிடம் திரும்பி. "பவுனு வயித்துக்குள்ள அப்படி ஒரு கல்லீரல் உருவாகிட்டு இருந்தது. பிள்ளையோட கல்லீரல் செஞ்சது தாயோட ரத்தத்துல கலந்துச்சு. பிள்ளை வளர வளர நம்பரும் ஏறிச்சு. பிரசவம் ஆச்சு. ஆறு வாரத்துல எல்லாம் வடிஞ்சுபோச்சு. சாறு யாரையும் குணமாக்கலை, வைத்தி சார். குணமாக வேண்டிய ஆளே யாரும் இல்லை."

ஆனால் குழந்தைசாமியின் காதில் வேறு ஒரு வார்த்தைதான் விழுந்திருந்தது. லீலாவதி முதலில் விஷயத்தைச் சொன்னபோது வந்த வார்த்தை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான்.

"கேன்சருன்னீங்களே. ரத்தம் இவளுதுன்னா, அப்ப கேன்சரும் இவளுக்குத்தானுங்களா?"

அவனுக்கு இந்தப் புரோட்டீன் கதை ஒன்றும் ஏறவில்லை. பவுனு அவனையும் லீலாவதியையும் மாறி மாறிப் பார்த்தாள். லீலாவதி போய் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அதே விஷயத்தை மறுபடி, மெதுவாக, மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் குழந்தையைப் பார்த்தான்.

"இவனாலதானா?"

"இவனாலதான். வேற ஒண்ணுமே இல்லை. டாக்டரே பார்த்துச் சொல்லிட்டாங்க. பவுனை அவங்ககிட்டயே நான் ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். சரியா?"

அவன் தலையாட்டினான். பிறகு வெகு நேரம் யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "அப்ப நான் எதுக்குங்க நாலு மாசமா அதக் குடிச்சேன்?"

வைத்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் நாக்கை நீட்டிக் காட்டினார்.

*

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் ஜோதிலிங்கத்தின் வீட்டு முன்னறையில் நிற்க இடமில்லை. வெங்கடேஸ்வரன், குழந்தைசாமி, குழந்தையோடு பவுனு, அண்டாவைத் தூக்கிவைத்துவிட்டுச் சந்துக் கூட்டத்துக்கு டாட்டா சொல்லிவிட்டு வந்த ரத்தினவேல். ஜோதிலிங்கம் கட்டிலில் சாய்ந்து, ஒருவர் விடாமல் எல்லோருடைய வாக்குமூலத்தையும் கேட்டார். எலும்பும் தோலுமாக இருந்தார். கேட்டு முடித்ததும் அவர் வெங்கடேஸ்வரனைத்தான் பார்த்தார்.

"நீங்க ஆபீஸ்ல என் டேபிளுக்கு வந்து சொன்னீங்க சார். கத்தி வேண்டாம்ப்பா, என்னைப் பாருன்னு. நான் பார்த்தேன். உங்களைப் பார்த்துத்தான் முடிவு பண்ணினேன்."

"தப்பு பண்ணிட்டேன், ஜோதிலிங்கம்."

"ஊசிக்கே பயந்து ஓடினவர் நீங்க. என்னை வயித்தைக் கிழிச்சுக்கச் சொல்ல வந்திருக்கீங்க இப்போ." அவருக்கு மூச்சு வாங்கியது. பூங்கோதை தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன். ஒரே ஒரு கண்டிஷன். எனக்கு முன்னால இவர் கையை நீட்டி, சொந்த ரத்தம் குடுக்கணும். நான் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா நான் வர மாட்டேன்."

எல்லோரும் வெங்கடேஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவருக்கும் அது அவசியம்தான்" என்றாள் லீலாவதி. "காமாலை வந்த கல்லீரல். ஒரு வருஷமாச்சு. அதுல என்ன இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் பார்க்கவே இல்லை."

இது வெங்கடேஸ்வரனுக்கு அதுவரை தோன்றவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஐந்து மாதமாக எல்லாருடைய ரத்தத்துக்காகவும் பயந்தவர், தன்னுடையதை மறந்தே போயிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அவரை ஒரு பக்கம் வைத்தியும் இன்னொரு பக்கம் குழந்தைசாமியும் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் ரப்பர் குழாயைக் கட்டியதும் வெங்கடேஸ்வரன் கண்களை மூடி, விஷ்ணு சகஸ்ரநாமத்தை அதிவேகமாக ஆரம்பித்தார். ஊசியைப் பார்த்து முதலில் விழுந்தவன் குழந்தைசாமி. அவனைப் பிடிக்க வைத்தி குனிந்தார். இருவரும் தரையில் இருந்த அந்த நேரத்தில், யாரும் பிடிக்காமலே வெங்கடேஸ்வரன் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். குழாய் நிறைந்தது. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார் நம்பிக்கையில்லாமல்.

சக்கர நாற்காலியில் இருந்த ஜோதிலிங்கம் சிரித்துவிட்டார். சிரித்தால் வலது பக்கம் வலித்தது. கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பூங்கோதையைப் பார்த்து, "சலோ" என்றார். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

வெங்கடேஸ்வரனின் எண் நான்கு என்று சனிக்கிழமை வந்தது. ஸ்கேனும் சுத்தம்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஐந்தரை மணி நேரம் நடந்தது. பூங்கோதை வராந்தா பெஞ்சில் காத்திருந்தாள். லீலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வைத்தி இரண்டு தடவை ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, இரண்டு தடவையும் சொல்லாமல் டீ வாங்கப் போனார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாக டாக்டர் வெளியே வந்து சொன்னார். மிச்சத்தை ரத்தம் சொல்லும், பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

மே மாதம் இரண்டாம் வாரம். வெளியே லூ என்னும் அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பளிக் கடை மாடிப் படியில் யாரோ நின்று நின்று ஏறி வரும் சத்தம் கேட்டது. வைத்தி எழுந்து போய்ப் பார்த்தார். பூங்கோதை பின்னால் நிற்க, ஜோதிலிங்கம் கைப்பிடியைப் பிடித்தபடி கடைசிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு திரும்பும் வரை காத்திருந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து லீலாவதியின் மேஜையில் வைத்தார். ஆபரேஷனுக்கு முன்பு ஆயிரத்து அறுநூறு. இப்போது எட்டு.

லீலாவதி அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவையும் படித்தாள்.

"சந்தேகமே வேண்டாங்க" என்றார் ஜோதிலிங்கம். "என்னோட ரத்தம்தான். எடுக்கறப்போ கண்ணைச் சிமிட்டாம பார்த்துக்கிட்டே இருந்தேன்."